பஞ்சப்படி உள்ளவர், இல்லாதவர்

1918இல் அகமதாபாத் பஞ்சாலைகளில் நடந்த வேலைநிறுத்தம் காந்தியின் உண்ணாவிரதத்தால்தான் இன்று நினைவில் இருக்கிறது. தகராறு எதன்மேல் என்பது மங்கிப்போய்விட்டது. முந்தைய ஆண்டு பிளேக் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க முதலாளிகள் தனியாக ஒரு படி கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். போர்க்கால விலைவாசி மட்டும் இறங்கியபாடில்லை. எனவே தொழிலாளர் அதற்கு ஈடாகப் பஞ்சப்படி கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவீதம் என்றார்கள், காந்தி 35 என்று நின்றார், முடிவில் மத்தியஸ்தர் 35 என்றே தீர்ப்பளித்தார். வாங்குகிற கூலி கரையாமல் இருக்கவே அவர்கள் இத்தனை பாடுபட வேண்டியிருந்தது. நம் நடுத்தர வர்க்கத்தில் யார் மேலே போனார்கள், யார் நின்ற இடத்திலேயே நின்றார்கள் என்பதைப் படிப்போ திறமையோ தீர்மானித்ததைவிட, இந்தப் படி யாருக்குக் கிடைத்தது என்பதே அதிகம் தீர்மானித்தது என்பது என் கட்சி.

அரசு ஊழியரிடமிருந்தே தொடங்கலாம். நீதிபதி வரதாச்சாரியார் தலைமையிலான முதல் சம்பளக் கமிஷன் 1947இல் கடைநிலை ஊழியருக்கு 55 ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 25 ரூபாய் பஞ்சப்படி. ஒரு குடும்பத்துக்கு அடிப்படையாக எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. நால்வர் கொண்ட குடும்பம், ஆண்டுக்கு 72 கெஜம் துணி, அய்க்ராய்டு வகுத்த உணவளவு. இந்த அய்க்ராய்டு குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். இரண்டாவது கமிஷன் இந்தக் கணக்கை ஏற்காமல் 80 ரூபாயில் நிறுத்திக்கொண்டது. இதை எதிர்த்து 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அவசரச் சட்டம் போட்டு அதை ஒடுக்கியது. ஆனால் கோரிக்கை சாகவில்லை. பஞ்சப்படிக்கு ஆதாரமான தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணின்படி 1960இல் 100 ரூபாய்க்கு வாங்கியது 2016இல் ஏறக்குறைய 6,300 ரூபாய். அந்த 80 ரூபாய் விலைவாசியோடு மட்டும் ஏறியிருந்தால் 5,100க்குள் நின்றிருக்கும். ஏழாவது கமிஷன் தந்தது 18,000. இடைப்பட்ட காலத்தில் சம்பளம் கரையாமல் பஞ்சப்படி பார்த்துக்கொண்டதால்தான், ஒவ்வொரு கமிஷனும் பழைய பள்ளத்தை நிரப்பிக்கொண்டிராமல் கொஞ்சமேனும் மேலே ஏற்ற முடிந்தது.

அரசாங்கமே முதலாளியாக இருந்தால் எதுவும் நடக்கும், பஞ்சப்படிக்கு இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் அதே அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்காவது கமிஷன் 3,500 ரூபாய் வரை அடிப்படைச் சம்பளம் வாங்கியவர்களுக்கு விலை உயர்வை முழுதாக ஈடுகட்டியது. 6,000 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 65. முதலாளி ஒருவர், விலைவாசி ஒன்று; ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த சிறு ஊழியரின் சம்பளம் கரையாமல் நின்றது, அந்தப் பக்கம் இருந்த அதிகாரியின் சம்பளம் ஆண்டுதோறும் தேய்ந்தது. ஐந்தாவது கமிஷனுக்குப் பிறகுதான் எல்லாருக்கும் முழு ஈடு வந்தது. பஞ்சப்படி கொடுத்தால் விலைவாசி இன்னும் ஏறும் என்ற வாதமும் பழையதே. அதை நம்பித்தான் 1974இல் கூடுதல் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துவைத்தார்கள். பஞ்சப்படியோ ஏறிமுடிந்த விலைக்கு மாதங்கள் கழித்துத் தரப்படுகிற தொகை. எண்ணெய் விலையும் மழை பொய்த்ததும் செய்த வேலைக்குக் குமாஸ்தாவின் சம்பளச் சீட்டைக் குற்றம் சொன்னார்கள்.

இனி மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வருவோம். தரமணியில் டைடல் பார்க் 2000இல் திறந்தபோது, அரசு ஊழியரின் பிள்ளைகள் அப்பாவின் சம்பளத்தை முதல் மாதமே தாண்டினார்கள். உண்மையான ஏற்றம்தான் அது. ஆனால் 2008 வாக்கில் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்குத் தந்த ஆண்டுச் சம்பளம் மூன்று முதல் மூன்றரை லட்சம். 2023இலும் பெரும்பாலோருக்கு அதே மூன்று முதல் மூன்றரை லட்சம். இதற்கிடையில் விலைவாசி இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 28,000 ரூபாய், அதுவும் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதியையும் சேர்த்து. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பத்தாம் வகுப்புத் தகுதியோடு சேர்ந்த கடைநிலை ஊழியருக்கு 18,000 அடிப்படை, 42 சதவீதப் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்து 30,000ஐத் தாண்டியது. அவருக்கு அது கூடுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொறியாளருக்கு ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் ஒரு கட்டத்தில் ஐந்நூறுக்கும் அதிகமான பொறியியல் கல்லூரிகள் இருந்தன, ஆள் மலிந்தால் சம்பளம் மலியும் என்பார்கள். சரிதான், ஆனால் கடைநிலை அரசு வேலைக்கும் லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, அந்தச் சம்பளம் மலியவில்லையே. நான்கைந்து ஆண்டில் கம்பெனி மாறினால் இரட்டிப்பாகும் என்பதும் உண்மை. அது மாறியவருக்கான ஏற்றம். அவர் விட்டுப்போன நாற்காலிக்கு வருகிற அடுத்தவர் மறுபடி அதே மூன்றரை லட்சத்தில் தொடங்குகிறார். அரசு ஊழியரின் பாதுகாப்பு ஊரார் வரிப்பணத்தில் நிற்கிறது என்ற குறையில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் வங்கி ஊழியர்கள் 1966இல் தொடங்கி இருதரப்பு ஒப்பந்தங்கள் மூலமே குறியீட்டெண்ணோடு இணைந்த பஞ்சப்படியைப் பெற்றுவருகிறார்கள். அங்கே சம்பளம் வங்கியின் வருமானத்திலிருந்து வருகிறது, தனியார் வங்கிகள் பலவும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம். மென்பொருள் ஊழியர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. பெரிய நிறுவனம் ஒன்றோடு அப்படியொரு ஒப்பந்தம் பேச அவர்கள் இன்னும் உட்காரவில்லை.