நகருக்குக் கேடு என்ற குற்றச்சாட்டு: ஹாங்காங் மாணவர் போராட்டங்கள், 1966–2023

2014 அக்டோபரில் ஹாங்காங்கின் டாக்சி, மினிபஸ் தொழிலைச் சேர்ந்த அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. மாங் காக் பகுதியின் நேத்தன் சாலையை மறித்து உட்கார்ந்திருந்தவர்களை அப்புறப்படுத்தத் தடையாணை வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. சாலை அடைபட்டதால் வண்டி ஓட்டுவோரின் அன்றாட வருமானம் போகிறது என்றார்கள், தடையாணையும் கிடைத்தது. வாக்குரிமை கேட்டு மாணவர் மறித்த சாலையை, வயிற்றுப்பாட்டைச் சொல்லித் திறக்கச் சொன்னார்கள் ஓட்டுநர்கள். மாணவர் போராட்டம் நகருக்கு நன்மையா தீமையா என்ற விவாதம் அன்று முதல் பெரும்பாலும் இந்த வழக்கின் சொற்களிலேயே நடக்கிறது. ஆனால் 'நகருக்குக் கேடு' என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நீண்ட வரலாறு உண்டு. அது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதையும், எந்தக் காலத்தில் போராட்டம் நன்மையில் முடிந்தது, எப்போது முடியாமல் போனது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1966 ஏப்ரலில் ஸ்டார் ஃபெர்ரி படகின் முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து சென்ட் உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து, சோ சௌ-சுங் என்ற இளைஞர் படகுத்துறையில் தனியாளாக உண்ணாவிரதம் இருந்தார். அவர் கைதானதைத் தொடர்ந்து கௌலூனில் கலவரம் மூண்டது. மறு ஆண்டு நடந்ததோடு ஒப்பிட்டால் அது சிறியது. 1967 மே மாதம் சான் போ காங்கில் ஒரு பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையில் எழுந்த தகராறை, பெய்ஜிங்கை ஆதரித்த இடதுசாரிகள் காலனி ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியாக வளர்த்தார்கள். தெருக்களில் குண்டுகள் வைக்கப்பட்டன. 51 பேர் இறந்தார்கள். இடதுசாரிப் பள்ளிகளின் மாணவர் பலர் சிறை சென்றார்கள். நகரின் அமைதியைக் குலைப்பவர்கள், பிழைப்பைக் கெடுப்பவர்கள் என்று காலனி அரசு அன்று சாடியது இவர்களைத்தான். அரை நூற்றாண்டு கழித்து அதே சொற்களைப் பெய்ஜிங் ஆதரவாளர்கள் ஜனநாயகம் கேட்ட மாணவர்கள் மீது வீசினார்கள். சட்டமும் அவ்வாறே கைமாறியது. 1967 நவம்பரில் காலனி அரசு பிறப்பித்த பொது ஒழுங்குச் சட்டத்தின்படியே 2019 போராட்டக்காரர்கள் மீது வழக்குகள் பதிவாயின. 2019 அக்டோபரில் முகமூடி அணியத் தடை விதிக்கப் பயன்பட்ட அவசரகாலச் சட்டமோ 1922 கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்க இயற்றப்பட்டது. ஆட்சி பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் மாறியும் இந்தச் சட்டங்கள் நீங்கவில்லை.

1970களை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஹாங்காங் மக்களில் மிகப் பெரும்பாலோர் சீன மொழி பேசுபவர்கள். அன்று அரசின் ஆட்சிமொழியோ ஆங்கிலம் மட்டுமே. சாதாரண மனிதர் தனக்கு வந்த அரசுக் கடிதத்தைப் படித்துக்கொள்ள இன்னொருவரைத் தேடிப் போக வேண்டும். இதை மாற்றக் கோரி மாணவர் சங்கங்கள் கையெழுத்து வாங்கின, கூட்டங்கள் நடத்தின. 1974இல் சீன மொழி ஆட்சிமொழி ஆனது. அதே காலத்தில் பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரி, வருமானத்துக்குப் பொருந்தாத 40 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் மேற்பட்ட சொத்து குறித்த விசாரணையின் நடுவே, 1973 ஜூனில் பிரிட்டனுக்குத் தப்பினார். விக்டோரியா பூங்காவில் மாணவர்கள் முன்னின்று கண்டனக் கூட்டம் நடத்தினார்கள். 1974 பிப்ரவரியில் ஊழலுக்கு எதிரான சுயேச்சை ஆணையம் நிறுவப்பட்டது. காட்பரும் திருப்பி அழைத்துவரப்பட்டுச் சிறை சென்றார். தீயணைப்பு வீரர் தண்ணீர் பாய்ச்சவும் கையூட்டுக் கேட்ட காலம் அது. ஹாங்காங் பிற்காலத்தில் நேர்மையான வணிக நகரம் என்று பெயர் எடுத்ததில் இந்த ஆணையத்துக்குப் பெரும் பங்குண்டு. முதலீட்டாளர்கள் இன்று புகழும் அந்த ஒழுங்கின் தோற்றத்தில் மாணவர்களின் கூச்சலும் இருக்கிறது. போராட்டத்தின் செலவைக் கணக்கிடுவோர் இதை வரவாக எழுதுவதில்லை. கடை மூடிய நாளின் நட்டத்தை அன்று மாலையே எண்ணிவிடலாம். ஊழல் ஒழிந்ததால் வந்த லாபத்தை எண்ண இருபது ஆண்டு பிடிக்கும்.

பிறகும் அரசு செவிகொடுத்ததுண்டு. 2003 ஜூலை 1 அன்று ஐந்து லட்சம் பேர் நடந்த பேரணிக்குப் பின், தேசப் பாதுகாப்பு மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2012இல் ஜோஷுவா வாங் முதலான பள்ளி மாணவர்கள் அரசுத் தலைமையகத்தின் முன் அமர்ந்தபோது, 'தேசியக் கல்வி'ப் பாடம் கட்டாயமில்லை என அரசு இறங்கிவந்தது. இரண்டிலும் நகரம் சில நாள்களில் இயல்புக்குத் திரும்பியது.

2014இல் அப்படி நடக்கவில்லை. ஆகஸ்ட் 31 அன்று பெய்ஜிங் ஒரு முடிவை அறிவித்தது: ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகியை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வேட்பாளர்கள் இருவர் அல்லது மூவரே இருக்கலாம், அவர்களும் நியமனக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவைப் பெற்றிருக்க வேண்டும். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். செப்டம்பர் 28 அன்று போலீஸ் 87 கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியதும், வீட்டிலிருந்தவர்களும் வீதிக்கு வந்தார்கள். மிளகுத் தெளிப்பைத் தடுக்க விரித்த குடை போராட்டத்தின் பெயரானது. அட்மிரால்டி, மாங் காக், காஸ்வே பே ஆகிய மூன்று இடங்களில் 79 நாள் முற்றுகை நீடித்தது. அட்மிரால்டியின் நெடுஞ்சாலையில் மேசை போட்டு மாணவர்கள் பாடம் படித்தார்கள், குப்பையைத் தரம் பிரித்தார்கள்.

கேடு விளையவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மாங் காக்கின் சிறு கடைக்காரரும் அன்றாடம் ஓட்டினால்தான் கூலி என்றிருந்த ஓட்டுநரும் இழந்தது உண்மையான பணம். ஆனால் நகரமே நாசமாகும் என்ற எச்சரிக்கை பலிக்கவில்லை. ஹாங் செங் பங்குக் குறியீடு ஆண்டுத் தொடக்கத்தைவிடச் சற்று உயர்ந்தே 2014ஐ முடித்தது, பொருளாதாரமும் வளர்ந்தது. உண்மையான நட்டம் வேறிடத்தில் விழுந்தது. அக்டோபர் 21 அன்று மாணவர் பிரதிநிதிகள் ஐவரும் கேரி லாம் தலைமையிலான அதிகாரிகளும் தொலைக்காட்சி முன் பேசினார்கள்; எதுவும் மாறவில்லை. 2015 ஜூனில் சீர்திருத்தத் திட்டம் சட்டமன்றத்தில் தோற்றது. 2017இல் பழைய முறைப்படியே, ஏறத்தாழ 1,200 பேர் கொண்ட குழுவில் 777 வாக்குகள் பெற்று கேரி லாம் தலைமை நிர்வாகி ஆனார். வீதியை விட்டுத் தேர்தலுக்கு வந்த மாணவர் தலைவர் நேத்தன் லா 2016இல் 23 வயதில் வென்றார். உறுதிமொழி ஏற்ற முறையைக் காரணம் காட்டி மறு ஆண்டே அவர் பதவி பறிக்கப்பட்டது. சாலையை விட்டு வாக்குப்பெட்டிக்கு வா என்று இளைஞர்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் அந்தப் பெட்டியையும் மூடினார்கள்.

2019ஐ இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டோரைச் சீனப் பெருநிலத்துக்கு அனுப்ப வழிசெய்யும் மசோதாவை எதிர்த்து, ஜூன் 16 அன்று ஏறத்தாழ இருபது லட்சம் பேர் நடந்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். போலீஸ் கணக்கு 3,38,000. மசோதாவை முழுமையாகக் கைவிடுவதாக லாம் அறிவித்தது செப்டம்பர் 4 அன்று. இடைப்பட்ட வாரங்களில்தான் கோபம் வன்முறையாக முற்றியது. ரயில் நிலையங்கள் நொறுக்கப்பட்டன. அந்த அறிவிப்புக்குப் பிறகும் அது ஓயவில்லை: நவம்பரில் செங்கல் தாக்கி 70 வயதுத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கருத்து முரண்பட்ட ஒருவர் மீது தீ வைக்கப்பட்டது. ஜனநாயகத்தின் பெயரால் இவற்றை நியாயப்படுத்த முடியாது. அந்த ஆண்டு சில்லறை விற்பனை 11.1 சதவீதம் சரிந்தது, பொருளாதாரம் சுருங்கியது. அமெரிக்க–சீன வர்த்தகப் போரும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் நவம்பர் 24 மாவட்ட மன்றத் தேர்தலில், நட்டத்தை நேரில் அனுபவித்த மக்களே 18 மன்றங்களில் 17ஐ ஜனநாயகத் தரப்பிடம் ஒப்படைத்தார்கள். நகருக்கு எது கேடு என்று நகரமே சொன்ன பதிலாக இதை நான் கொள்கிறேன்.

போராட்டம் விளைவிக்கும் கேட்டின் அளவைப் போராடுபவர்களைவிடப் பதில் சொல்ல வேண்டியவர்களே அதிகம் தீர்மானிக்கிறார்கள் என்பதே இந்த ஐம்பது ஆண்டுச் சான்றுகளிலிருந்து என் முடிவு. 1974இலும் 2012இலும் அரசு இறங்கிவந்தது, சாலை திறந்தது. 2014இல் மறுத்தது, 2019 வந்தது.

2020 ஜூன் 30 அன்று தேசப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2021 அக்டோபரில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் கலைந்தது. வீதிகள் இப்போது அமைதியாக இருக்கின்றன. மாவட்ட மன்றங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 452இலிருந்து 88ஆகக் குறைக்கப்பட்டன. 2019இல் 71.2 சதவீதம் பேர் வாக்களித்த அந்தத் தேர்தலில், 2023 டிசம்பரில் வாக்களித்தவர்கள் 27.5 சதவீதம்.