தீண்டாமைச் சுவர்

தீண்டாமைச் சுவர் என்பது, தலித் மக்களின் குடியிருப்பை ஊரின் பிற பகுதியிலிருந்து பிரிக்க எழுப்பப்படும் மதிலைக் குறிக்கும். தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது மதுரை மாவட்டம் உத்தப்புரத்துச் சுவர் ஆகும். 1985 வரை இம்மாவட்டத்தின் பகுதியாக இருந்த திண்டுக்கல் சமவெளியிலும், ஊர் ஒருபுறமும் காலனி சற்று விலகியும் அமைந்த சிற்றூர்கள் பல உள்ளன. சுவர் இல்லாத இடங்களில் வயலோ ஓடையோ அதன் வேலையைச் செய்கின்றது.

உத்தப்புரம்

1989 இல் நிகழ்ந்த சாதிக் கலவரத்தை அடுத்து, ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு இச்சுவர் கட்டப்பட்டது. பாதுகாப்புக்காகவே எழுப்பியதாகக் கட்டியோர் கூறினர். தலித் மக்களோ முதன்மைச் சாலையை அடையச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 2008 இல், சுவரின் மேல் மின்கம்பிகள் பொருத்தப்பட்ட செய்தி வெளிவந்தபின் இச்சிக்கல் சட்டமன்றம் வரை சென்றது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் போராட்டத்தைத் தொடர்ந்து, மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுமார் 15 அடியை இடித்துப் பாதை திறந்தது. அன்று இடிபட்டது ஒரு வாசல் அளவே என்பது கவனிக்கத்தக்கது.

முகவரியில்

இப்பிரிவினை எழுத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் பெயருடன் சாதியை எழுதும் வழக்கம் பெரிதும் மறைந்துவிட்டாலும், குடும்ப அட்டையில் உள்ள 'காலனி' என்ற ஒரு சொல் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க 1978 இலேயே அரசு ஆணையிட்டது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்ற அறிவிப்பு 2025 ஏப்ரல் 29 அன்றுதான் சட்டமன்றத்தில் வெளியானது. நகரத்தில் 'ரயில்வே காலனி' என்று எழுதுவோருக்கு இச்சொல்லால் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.