ஒரு ஒயரும் ஒரு யானையும்

கரண்ட் போச்சுன்னா ரெண்டு வேலை இருக்கு. எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணு, அதைச் சரி பண்றது இன்னொண்ணு. பொதுவா ரெண்டையும் ஒரே வேலையாத்தான் நாம நெனைக்கிறோம். ஆனா ஒண்ணு முடிஞ்சாலும் இன்னொண்ணு முடிஞ்சதா அர்த்தம் இல்லை. அதுக்கு இந்தப் பதிவுல ரெண்டு வரலாறு சொல்லப்போறேன். ஒண்ணு 2024-ல அமெரிக்காவுல ஒரு கப்பல்ல நடந்தது. இன்னொண்ணு நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கு மேல, முல்லைப் பெரியாறு அணையில 2000-ல ஆரம்பிச்சு 2021-ல முடிஞ்சது.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. பெரிய படகு, கப்பல்கள்ல மூக்குப் பகுதியில, தண்ணிக்குக் கீழ, குறுக்கால ஒரு குழாய் இருக்கும். அதுக்குள்ள ஒரு சின்ன காத்தாடி. இதைப் பௌ த்ரஸ்டர்னு சொல்றாங்க. சுக்கான் பின்னாடி இருக்கறதால வேகம் இல்லாதப்போ கப்பல் அதுக்குக் கட்டுப்படாது. கரையோரம் ஒதுங்கும்போது மூக்கை இடது வலதா தள்ளத்தான் இந்தக் காத்தாடி. பெரும்பாலும் மின்சார மோட்டார்லதான் ஓடும்.

சின்ன படகுல இது வேலை செய்யலைன்னா தேடுற முறை நம்மூர் கெணத்து மோட்டார் மெக்கானிக் பண்றதேதான். பேட்டரியில 12.6 வோல்ட் காட்டும், சுவிட்ச அமுக்குனா மோட்டார் 'டக்'னு ஒரு சத்தத்தோட நின்னுடும். உடனே மோட்டார் போச்சுன்னு முடிவு கட்டக்கூடாது. சுவிட்ச அமுக்கிக்கிட்டே ஒவ்வொரு இடமா வோல்ட்டேஜ் பாக்கணும். பேட்டரி முனையில, ஃபியூஸ் தாண்டி, ரிலே தாண்டி, கடைசியா மோட்டார் முனையில. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல வோல்ட்டேஜ் விழுதோ அங்கதான் வில்லன் இருக்கான். மோட்டார் 300 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. பாசி பிடிச்ச ஒரு இணைப்புல 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமப் போயிடும். கரண்ட் ஓடாதப்போ அளந்தா இது தெரியவே தெரியாது. கம்பத்துல, சின்னமனூர்ல தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு லோ வோல்ட்டேஜ்ல மோட்டார் முனகுற சத்தம் நல்லா தெரியும். அதே கதைதான் இது.

இப்போ முதல் வரலாறு. 2024 மார்ச் 26, அதிகாலை. டாலிங்கிற சரக்குக் கப்பல் பால்டிமோர் துறைமுகத்துல இருந்து கிளம்புது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். கப்பல்ல 20 இந்தியர்கள், ஒரு இலங்கைக்காரர். 1.25 மணிக்குத் திடீர்னு கப்பல் இருட்டாயிடுச்சு. மெயின் என்ஜினுக்குக் குளிர்நீர் கொடுக்கிற பம்ப்புகள் நின்னதும் என்ஜினும் தானா நின்னுபோச்சு. ஆட்கள் ஓடிப்போய் பிரேக்கரைத் திரும்பப் போட்டாங்க, வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்துலயே ஜெனரேட்டருக்குப் போற எரிபொருள் அழுத்தம் குறைஞ்சு மறுபடி இருட்டு. பௌ த்ரஸ்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. கரண்ட் இல்லாத கப்பல்ல அது வெறும் இரும்பு. (வேகமா போற கப்பல்ல அதோட பலம் எப்பவுமே குறைவுதான்ங்கிறது வேற விஷயம்.) 1.29-க்குக் கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தோட தூணில் மோதிச்சு. பாலம் அப்படியே சரிஞ்சு விழுந்தது. ராத்திரி வேலையா ரோடு ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்த ஆறு தொழிலாளர்கள் செத்துப்போனாங்க. கப்பல்ல இருந்து போன எச்சரிக்கையால போலீஸ் முன்னாடியே போக்குவரத்தை நிறுத்தியிருந்தாங்க. இல்லாட்டி இன்னும் எத்தனை பேரோ.

காரணம் என்ன? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரிச்சு, 2025 நவம்பர்ல முடிவைச் சொன்னது. டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கரோட கன்ட்ரோல் சர்க்யூட்ல ஒரே ஒரு மெல்லிய சிக்னல் ஒயர் லூஸ். ஒயருக்கு அடையாளமா மாட்டியிருந்த லேபிள் தடுத்ததால, அது டெர்மினல் துளைக்குள்ள முழுசா இறங்கவே இல்லை. மேலோட்டமா பார்த்தா மாட்டின மாதிரியே இருக்கும். இன்னொரு விஷயம், முந்தின நாள் துறைமுகத்துலயே ரெண்டு தடவை கரண்ட் போயிருக்கு. அதனால, பல மாசமா ஓடிக்கிட்டிருந்த பிரேக்கரை விட்டுட்டு இன்னொரு பிரேக்கருக்கு மாத்தியிருக்காங்க. லூஸ் ஒயர் இருந்தது அந்தப் பக்கத்துல! ஆயிரக்கணக்கான ஒயர்கள்ல ஒண்ணைக் கண்டுபிடிச்சு உறுதியாச் சொல்ல 20 மாசம். சரி பண்ண? லேபிளைத் தள்ளிவிட்டு ஒயரை அழுத்தினா முடிஞ்சது, ஒரு நிமிஷம்.

இப்போ நம்மூருக்கு வருவோம். நம்ம கதையில இது அப்படியே தலைகீழ்.

பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல திறக்கப்பட்டது. இருக்கிறது கேரளாவுல, பராமரிக்கிறது தமிழ்நாடு. 1886 ஒப்பந்தம் 999 வருஷத்துக்கு. தேக்கடியில இருந்து சுரங்கம் வழியா வர்ற தண்ணி, லோயர் கேம்ப்ல மின்சாரம் எடுத்த பிறகுதான் நம்ம வயலுக்கு வருது. கூடலூர்ல இருந்து குமுளி மலையேறும்போது நாலு பெரிய குழாய் தெரியுமே, அதான். 1950-களின் கடைசியில தொடங்கி நாலு மெஷின் வச்சாங்க, ஒவ்வொண்ணும் 35 மெகாவாட், மொத்தம் 140. மின்சாரத்துக்கான துணை ஒப்பந்தம் 1970-ல கையெழுத்தாச்சு.

அணைத் தண்ணியில இவ்வளவு மின்சாரம். ஆனா அணைக்கு?

காட்டுக்குள்ள கம்பம் நட்டு மேலால போன லைன் ஒண்ணு இருந்தது. பெரியாறு புலிகள் சரணாலயத்துல ஒரு யானை அந்தக் கரண்ட்ல அடிபட்டுச் செத்துப்போக, 2000-ல அணைக்கான சப்ளையை நிறுத்திட்டாங்க. அந்த முடிவைத் தப்புன்னு நான் சொல்லமாட்டேன். யானை நடமாடுற காட்டுல தாழ்வா தொங்குற லைன் ஆபத்துதான். இங்க ஃபால்ட் எதுன்னு முதல் நாளே தெரியும். தீர்வும் தெரியும்: மேலால போற லைனுக்குப் பதிலா பூமிக்குள்ள கேபிள். இதுக்கு மீட்டர் வச்சுத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனா வேலையைச் செய்ய வேண்டியது கேரள மின்வாரியம். பணம் கட்ட வேண்டியது தமிழ்நாடு. காட்டுக்குள்ள தோண்ட அனுமதி தரவேண்டியது வனத்துறை. மேல, அணையோட உயரம் பத்தி ரெண்டு மாநிலமும் உச்ச நீதிமன்றத்துல வழக்கு (2006-ல ஒரு தீர்ப்பு, 2014-ல இன்னொண்ணு). இந்த நாலு இணைப்புல எங்க வோல்ட்டேஜ் விழுந்ததுன்னு எந்த மீட்டர் காட்டும்?

அதுவரைக்கும் டீசல் ஜெனரேட்டர்தான். அணைக்குப் போக ரெண்டே வழி. தேக்கடியில இருந்து கண்ணகி, ஜலரத்னா மாதிரி நம்ம பொதுப்பணித்துறை படகு, இல்லாட்டி வல்லக்கடவு வழியா காட்டுப் பாதையில ஜீப். மழைக்காலத்துல அந்தப் பாதை எப்படி இருக்கும்னு சொல்லவேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 15 அதிகாலை, கேரளாவே வெள்ளத்துல மிதந்துக்கிட்டிருந்தப்போ, நீர்மட்டம் 142 அடியை நெருங்கி, மதகுகளைத் திறந்தாங்க. அந்த ராத்திரியும் அணைக்கு மெயின் சப்ளை கிடையாது. மதகைத் தூக்கினதும் விளக்கு எரிஞ்சதும் ஜெனரேட்டரை நம்பித்தான். கீழ பெரியாத்தங்கரையில இருந்த கேரள ஜனங்களோட உயிரும் அதை நம்பித்தான் இருந்தது. இதுல ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நலன்தான், யோசிச்சுப் பாருங்க.

கடைசியா 2021 ஜனவரியில வல்லக்கடவுல இருந்து 5.65 கிலோமீட்டர் பூமிக்கடி கேபிள் வழியா கரண்ட் வந்தது. அப்போதைய கேரள மின்துறை அமைச்சர் எம்.எம். மணி சுவிட்ச் போட்டார். தமிழ்நாடு கட்டுன தொகை ரூ. 1.65 கோடி. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டத்துக்குத் தண்ணி தர்ற அணைக்கு இது பெரிய தொகையா?

டாலியில ஃபால்ட் ஒயருக்குள்ள ஒளிஞ்சிருந்தது. பெரியாத்துல ஃபால்ட் எல்லாருக்கும் தெரிஞ்சே இருபது வருஷம் உக்காந்திருந்தது. முதல் வகையைத் தேட எஞ்சினியரிங் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க. ரெண்டாவது வகைக்கு அங்க பாடமே கிடையாது. அங்கயும் லைனை ஒவ்வொரு இடமா அளக்கிற அதே வேலைதான். இந்த ஃபைல் எந்த மேஜையில, எந்தத் தேதியில இருந்து நிக்குதுன்னு பாத்து, யாராவது விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும். அப்படிக் கேக்காததுக்கு டாலி மாதிரி ஒரு விலை இங்க நாம கொடுக்கலை. அது நம்ம சாமர்த்தியம் இல்லீங்க, அதிர்ஷ்டம்.

உங்க ஊர்லயும் காரணம் தெரிஞ்சும் வருஷக்கணக்கா சரியாகாம நிக்கிற 'ஃபால்ட்' ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.