உளவியல் முனைவர் பட்டம்: நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்காவில் பொறியியல் மேற்படிப்புக்கு வருகிறவர்கள் முதலில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டு, அப்புறம் பேராசிரியரைத் தேடுவதுண்டு. உளவியல் முனைவர் படிப்பில், குறிப்பாகக் கிளினிகல் பிரிவில், பெரும்பாலும் இது தலைகீழ். மாணவரை ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வகத்துக்கென்றே எடுக்கிறார்கள். அவர் அந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லையென்றால் நல்ல மதிப்பெண்ணும் உதவாது.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். செப்டம்பரிலேயே பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, மாணவர் எடுக்கிறாரா என்று சுருக்கமாக மின்னஞ்சலில் கேட்கலாம். பத்தாண்டுக்கு முந்தைய கட்டுரையை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். அவர் இப்போது வேறு ஆய்வில் இருக்கக்கூடும்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முனைவர் படிப்புகள், முடிக்க ஆகும் காலம், இடையில் விலகியோர் விகிதம் போன்றவற்றை வெளியிட்டாக வேண்டும். அவற்றைப் பாருங்கள். மாணவர் பெயர் கட்டுரைகளில் முதலில் வருகிறதா என்றும் கவனியுங்கள். நெறியாளர் பழகும் விதத்தை அவருடைய இப்போதைய மாணவர்களிடம் தனியாகக் கேட்பதே நல்லது. நடுவில் நெறியாளரை மாற்றினால் உதவித்தொகை சிக்கலாகலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல.

ஆய்வுத் தலைப்பு அச்சாகப் பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆபிரகாம் மாஸ்லோ விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோவிடம் குரங்குகளை ஆராய்ந்து 1934இல் முனைவரானார். மனிதத் தேவைகளின் படிநிலை பற்றி எழுதியது 1943இல். தலைப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆராயக் கற்றுத்தருகிறவர் சரியாக அமைவதுதான் முக்கியம்.