விழுப்புரத்துச் சைக்கிளும் ஏழாம் பிரிவும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், திண்டிவனத்தை விட்டுப் புறப்பட்டு விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் சேர்கிற ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தூரம், இன்று மோட்டார் வாகனங்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு பறக்கும் இடமாகிவிட்டதாயினும், இரண்டு தலைமுறைக்கு முன்புவரை அதன் ஓரங்களும் அதிலிருந்து கிராமங்களுக்குப் பிரிகிற மண்பாதைகளும் சைக்கிளின் ராஜ்யமாகவே இருந்தன. விழுப்புரம் ஐந்து திக்கிலிருந்தும் ரயில் வந்து கூடும் ஜங்ஷன். திண்டிவனமோ புதுச்சேரி, செஞ்சி, மரக்காணம், வந்தவாசி என்று நாலா பக்கமும் சாலை பிரியும் ஊர். ரயிலும் பஸ்ஸும் இவ்விரண்டு ஊர்களில் இறக்கிவிட்ட மனிதனை அவனுடைய வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு சைக்கிளுக்கு வாய்த்தது. குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட கதையையும், மாமனார் வீட்டுச் சீராக வந்த புதுவண்டியின் மினுமினுப்பையும் சொல்லி மகிழ்வோர் எத்தனையோ பேர் உண்டு. அந்த வண்டி கீழே விழுந்து கோணியபோதும், லாரியில் அடிபட்டு நசுங்கியபோதும், அந்த நஷ்டம் யார் தலையில் இறங்கியது என்ற விஷயத்தை விசாரிப்போர் அதிகமில்லை. அதுவும் ஒரு சரித்திரந்தான்.

இன்றைய உருவத்துச் சைக்கிள் 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செய்த ரோவர் வண்டியிலிருந்தும், காற்றடைத்த டயர் 1888-இல் டன்லப் பெற்ற காப்புரிமையிலிருந்தும் வம்சாவளி கொண்டவை. ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ஆகிய சீமைப் பெயர்கள், இவ்விரண்டு ஊர்களும் அன்று அடங்கியிருந்த தென்னாற்காடு ஜில்லாவில் முதலில் உத்தியோகஸ்தர் வீடுகளிலும், வக்கீல், வைத்தியர் வீடுகளிலும் புகுந்து, பிறகே மிராசுதார் திண்ணைக்கு வந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயா ஜப்பானியர் கைக்குப் போய் ரப்பர் அருமைப்பட்டுவிடவே, டயர் தேய்ந்த வண்டியை ஒட்டுப்போட்டே ஓட்டவேண்டியதாயிற்று. முருகப்பா குடும்பத்தாரும் சீமை டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஸ்தாபனத்தாரும் 1949-இல் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி, 1951 முதல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து வெளியிடத் தொடங்கிய பிறகுதான், சாதாரண குடியானவன் மனத்திலும் சைக்கிள் வாங்கும் எண்ணம் தைரியமாக எழுந்தது எனலாம்.

விழுப்புரம் நகரசபை ஏற்பட்டது 1919-இல்; அடுத்த ஆண்டு வந்த ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தில் சாரட்டுக்கும் கோச்சுக்கும் விதிக்கப்பட்ட வண்டி வரியின்கீழ் சைக்கிளும் அடங்கியது. வருஷந்தோறும் வரி கட்டி, தகட்டு வில்லை ஒன்றை வாங்கி வண்டியில் பொருத்திக்கொள்ளவேண்டியிருந்தது. வில்லை இல்லாமற் போனாலும், இரவில் விளக்கில்லாமற் போனாலும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு 'டபுள்ஸ்' போனாலும் அபராதம். சர்க்கார் இவ்வளவு கண்ணுங்கருத்துமாகச் சைக்கிளைக் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லக் காரணமுண்டு: வரி வசூலிக்க ஞாபகம் வந்த வாகனம், நஷ்ட ஈடு என்று வரும்போது ஒருவருடைய ஏட்டிலும் அகப்படாமற் போய்விட்டது.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு வாடகைக் கடை இருந்தது. ஸ்டேஷனை அடுத்தும், பஸ் நிலையத்தை அடுத்தும், கச்சேரி வாசலிலும் வரிசையாக நிறுத்திய வண்டிகளின் மட்கார்டில் பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கும். சுவரில் ஒரு கடிகாரம். மேஜையில் நீண்ட நோட்டு. பெயர், ஊர், எடுத்த நேரம், வண்டி நம்பர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, தெரிந்த முகமாயின் அப்படியே, தெரியாத முகமாயின் தெரிந்தவர் ஒருவரை ஜாமீன் சொல்லச் செய்து, கடைக்காரர் வண்டியைக் கொடுப்பார். திரும்பி வந்ததும் அவர் முதலில் பார்ப்பது கடிகாரத்தையன்று, முன்சக்கரத்தை. கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ரிம் பிரேக் கட்டையில் எந்த இடத்தில் உரசுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடும் வித்தை அந்தத் தொழிலுக்கே உரியது. கோட்டம் இருந்தால், சக்கரத்தின் ஓரத்தில் சாக்குக்கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபடியும் சுற்றுவார். எங்கே வீக்கமோ அங்கே வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு நேரான ஸ்போக்ஸ் கம்பிகளில் ஒரு பக்கத்தை முறுக்கியும், மறுபக்கத்தைத் தளர்த்தியும் கால்மணியில் பெண்டு எடுத்துவிட்டு, அதற்கு இன்ன கூலி என்று வாடகையோடு சேர்த்துச் சொல்வார். எடுத்தவர் கொடுத்தாகவேண்டும். நாய் குறுக்கே வந்தது, மணலில் சறுக்கியது என்ற சமாதானங்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், கூலியைக் குறைக்கமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், எழுதப்பட்ட சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறருடைய பொருளைத் தன்வசம் வைத்திருப்பவன், சாமானிய விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்துக்கொள்வானோ அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாற் போதும். அப்படி இருந்தும் நேர்ந்த சேதத்துக்கு அவன் உத்தரவாதியல்லன். அதுமட்டுமா? வாடகைக்கு விட்ட பொருளில் ஒரு குறை இருந்து, அதனால் எடுத்தவனுக்குத் தீங்கு வந்தால், அக்குறை தனக்குத் தெரியாது என்று பொருளின் சொந்தக்காரன் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அதாவது, பிரேக் பிடிக்காமல் மாட்டுவண்டியில் மோதி முழங்காலை உடைத்துக்கொண்டவன் கடைக்காரரிடமிருந்து ஈடு கேட்டிருக்க இடமுண்டு. முனிசிபல் சட்டத்தை மதித்து வில்லை வாங்கிய ஜனங்கள் இந்தச் சட்டத்தை அறியாமலே, கடைக்காரருடைய நோட்டைத்தான் சாஸ்திரமாகக் கொண்டார்கள். அதில் அநியாயம் மிகுதி என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிப்பட்ட சேதத்துக்கு உடனே விலை சொல்லி, உடனே பழுது பார்த்து, அன்று மாலையே அந்த வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் ஏற்பாடு, வழக்கில்லாத ஏற்பாடு.

பெருஞ்சாலையில் லாரி வந்து இடித்தால் கதை வேறு. ஆளுக்கு அடிபடாமல் வண்டி மட்டும் நசுங்கியிருந்தால், டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கூடி, லாரியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஃபோர்க் போயிற்று, பாரும் வளைந்துவிட்டது, செயின் கவர் இனி உதவாது என்று உறுப்பு உறுப்பாக விலை போட்டு, டிரைவர் கையிலிருந்து பணத்தை வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். சர்வேயர், நீதிபதி, அமீனா ஆகிய மூவருடைய வேலையையும் அந்தக் கூட்டமே அரைமணி நேரத்தில் செய்து முடித்துவிடும்! இதற்குச் சட்டப்படியான மார்க்கமும் இல்லாமலில்லை. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் மனிதருக்காக மோட்டார் வண்டிகள் இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, மனிதருடைய உயிரையும் உடலையும் மட்டுமே கருதியது. சொத்துக்கு நேரும் சேதமும் அதில் சேர்க்கப்பட்டது 1969-இல் வந்த திருத்தத்தினால்தான். அதற்கு விதித்த வரம்பு 2,000 ரூபாய். பின்னர் அது 6,000 ரூபாயாக உயர்ந்து, 1988-ஆம் வருஷத்துப் புதுச் சட்டத்திலும் அப்படியே எழுதப்பட்டது. நல்ல சைக்கிள் ஒன்றை வாங்க அந்நாளில் அத்தொகை தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஆயினும் நொறுங்கிய சைக்கிளுக்காக மட்டும் மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு நீதிமன்றத்தின் படியேறினால், வக்கீல் குமாஸ்தாவுக்கும் பஸ் சார்ஜுக்கும் ஆகும் செலவே வண்டியின் விலையை விழுங்கிவிடும். ஆள் இறந்தோ, கால் ஒடிந்தோ வழக்கு நடக்கும்போது, மனுவின் கடைசியில் சைக்கிளும் ஒரு வரியாக இடம்பெறும், அவ்வளவே. அரசுப் பஸ் இடித்த வழக்கிலோ, தீர்ப்பான தொகை வராமல், நிலையத்தில் நிற்கும் பஸ்ஸையே அமீனா ஜப்தி செய்யும் காட்சியைத் தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் பார்க்கிறோம்.

இனி, இன்ஷூரன்ஸ் என்ற விஷயத்துக்கு வருவோம். இந்த ஜில்லாவின் கிராமங்களுக்கு இன்ஷூரன்ஸ் என்ற சொல்லைக் கொண்டுவந்ததே சைக்கிள் என்று சொன்னால் மிகையாகாது. 1956 செப்டம்பர் முதல் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்ட பிறகு, கேரியரில் தோல்பையை வைத்துக் கட்டிக்கொண்டு, வேட்டியின் வலது ஓரத்தில் கிளிப் மாட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போன ஏஜண்டுகள், பள்ளிக்கூட வாத்தியாரிடமும் கணக்குப்பிள்ளையிடமும் அவரவர் ஆயுளுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். தாங்கள் ஏறிவந்த வண்டிக்கும் அப்படி ஒரு பத்திரம் உண்டு என்று அவர்கள் சொல்லவில்லை. அது அவர்கள் சரக்கும் அன்று. பொது இன்ஷூரன்ஸ் தனியார் கம்பெனிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றின் கையில் இருந்தது. 1973 ஜனவரி முதல் தேதியன்று அவை 107-ம் நான்கு அரசாங்கக் கம்பெனிகளாக ஒன்றுசேர்க்கப்பட்டு, அவற்றில் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. கிராமங்களில் அந்தக் கம்பெனிகளுடைய முகம் ஜனங்களுக்குத் தெரிந்தது, பாங்கில் கடன் வாங்கி வாங்கிய கறவை மாட்டின் காதில் போட்ட வில்லையினாலும், பம்பு செட்டுக்கு எடுத்த பாலிசியினாலும்தான்.

நகரவாசிகளுக்காக அவர்கள் விற்ற 'ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி' என்னும் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைப் பொறுமையாகப் படிப்பவருக்கு அதில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். தீவிபத்துக்கு ஒரு பிரிவு, திருட்டுக்கு ஒரு பிரிவு, நகைகளுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, வீட்டு மின்சாதனங்களுக்கும் டெலிவிஷனுக்கும் தனித்தனியே என்று அடுக்கிக்கொண்டு வந்து, பெரும்பாலும் ஏழாவது பிரிவாகச் சைக்கிள் வந்து நிற்கும். நெருப்பு, கலகம், திருட்டு ஆகியவற்றோடு, வெளிக்காரணத்தால் தற்செயலாக நேரும் சேதத்துக்கும், சைக்கிளால் பிறருக்கு நேரும் தீங்குக்கும்கூட ஈடு உண்டு என்று அப்பிரிவு வாக்களிக்கும். சீமையில் சைக்கிள் கனவான்களின் உல்லாசமாக இருந்த காலத்து மரபு, ஆங்கிலக் கம்பெனிகள் வழியாக இங்கே வந்து படிந்ததன் அடையாளம் அது என்று நான் நினைக்கிறேன். ஏனெனில், ஈடு கிடையாது என்று பின்னால் எழுதிய ஷரத்துகளைப் பார்த்தால், அதை எழுதினவர் மனத்தில் இருந்த வண்டி நம்முடைய வண்டியன்று என்பது தெளிவாகிவிடும்.

தேய்மானத்துக்கு ஈடில்லை, இயந்திரக் கோளாறுக்கு இல்லை, வண்டியும் கூடவே சேதப்பட்டாலொழிய டயருக்கு இல்லை, வண்டியோடு சேர்த்துத் திருடப்பட்டாலொழிய டைனமோவுக்கும் பம்புக்கும் இல்லை, பந்தயத்தில் ஓட்டினால் இல்லை, வாடகைக்கு விட்டால் இல்லை. இவற்றையெல்லாம் ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். 'அளவுக்கு மீறிய பாரத்தினால் நேர்ந்த சேதம்' என்ற ஷரத்துதான் தென்னாற்காட்டானைத் திகைக்க வைப்பது. கேரியரின் இருபுறமும் பால்கேன்கள் தொங்க, அதன்மேல் பருத்திக்கொட்டை மூட்டையை வைத்து, பாரில் பிள்ளையை உட்காரவைத்து, விடியற்காலையில் மயிலம் பாதையில் மிதித்து வந்தவனுடைய பின்சக்கரம், எந்தக் கல்லில் ஏறி எந்தக் கணத்தில் எட்டுப் போட்டதோ, அந்தச் சேதத்துக்குக் கல் காரணமா, பாரம் காரணமா என்று பிரித்துச் சொல்ல யாரால் ஆகும்? நிலக்கடலை மூட்டைகளையும், வைக்கோல் கட்டுகளையும், பிரசவ வேதனையில் இருந்த பெண்ணையும்கூடச் சுமந்த வாகனத்துக்கு, ஓர் ஆள் மட்டும் ஏறிக்கொண்டு மாலைக்காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு விதி எழுதியிருக்கிறார்கள்.

சரி, ஷரத்துகளையெல்லாம் தாண்டிவந்தவர் ஒருவர் கிளெய்ம் போடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். இதுபோன்ற சிறு நஷ்டத்துக்கு லைசென்ஸ் பெற்ற சர்வேயர் வந்து பார்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் விதிக்கப்படவில்லை. ஆகவே அந்தத் தொல்லை மிச்சம். ஆனால் கம்பெனிக்கு பில் வேண்டும். மரத்தடியில் பெட்டி வைத்திருக்கும் மெக்கானிக், ஃபோர்க்கை நிமிர்த்தி, பால்ரஸ் மாற்றி, கோட்டர் பின் அடித்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவராக இருக்கலாம். அச்சடித்த பில் புத்தகம் அவரிடம் ஏது? பழைய உறுப்புக்கு வயதுக்குத் தக்கபடி கழிவு போட்டு, மிச்சத்தைக் கம்பெனி அனுமதிக்கும்போது, கைக்கு வருவது பெண்டு எடுத்த கூலிக்கும் காணாது. ஏழாம் பிரிவு ஏட்டோடு நின்றுவிட்டதில் வியப்பில்லை.

வாடகைக் கடைகளும் காலப்போக்கில் மறைந்தன. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் ஒரு பக்கம். 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் மேல்வகுப்பு மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிந்த அரசாங்கத்தின் விலையில்லாச் சைக்கிள் மற்றொரு பக்கம்.

2024 நவம்பர் கடைசியில் கரையேறிய ஃபெஞ்சல் புயலில், டிசம்பர் முதல் தேதி காலையோடு முடிந்த ஒருநாள் பொழுதில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டி, விழுப்புரம் ஜில்லாவின் வீதிகள் ஆறாக ஓடியபோது, வீட்டுக்குள் நிறுத்தியிருந்த சைக்கிள்களும் கட்டில், பீரோவோடு சேர்ந்து சேற்றில் நின்றன. இப்போது வீட்டுக்கென்று எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரியாக விற்கவேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி 2021 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் அதில் ஈடு உண்டு. கட்டடத்துக்குப் போட்ட தொகையில் நூற்றுக்கு 20 வீதம், 10 லட்சத்துக்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். ஆனால், தற்செயலாகக் கீழே விழுந்து கோணும் சேதத்துக்கு அதில் தனி இடமில்லை. தனியே எழுதிக்கொண்டாலொழிய வாகனங்கள் சேரா என்ற ஷரத்தும் உண்டு. சைக்கிள் வீட்டுச் சாமானா, வாகனமா? 1920-இல் வரி விதித்தவர்களுக்கு அது வாகனம். மோட்டார் சட்டத்துக்கு அது மோட்டார் வாகனமன்று. ஏழாம் பிரிவை எழுதியவர்களுக்கு வீட்டுச் சாமான்களில் ஒன்று. இந்தக் குழப்பத்துக்கு ஆளாக விரும்பாதவர், பாலிசி எடுக்கும்போதே சைக்கிளின் பெயரையும் ஃப்ரேம் நம்பரையும் அட்டவணையில் எழுதிக்கொள்ளும்படி ஏஜண்டிடம் கேட்கலாம். நம்பர் சீட்டுக்குக் கீழே குழாயிலோ, பெடல் அச்சின் அடியிலோ வெட்டியிருக்கும். துருவைச் சுரண்டிவிட்டுப் பார்க்கவேண்டும்.