ரெனோன்சான்: துறந்தவர் யார்?



காரைக்காலில் சில குடும்பங்களை 'ரெனோன்சான்' குடும்பம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'துறந்தவர்' என்று பொருள்படும் இந்தப் பிரெஞ்சுச் சொல், 'ரெனுன்சியாரே' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திருத்தந்தையின் தூதரை 'நுன்சியோ' என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். 'இதிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அறிவித்துவிடுவதே ரெனுன்சியாரே.

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, சமய வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர விரும்புவோர் வரலாம் என்றது. அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொண்டார்கள். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனார். 'கதவு' என்று அதற்குப் பொருள். இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. 1954-இல் பிரெஞ்சு நிர்வாகம் வெளியேறிய பின்னும் அக்குடும்பங்களின் வாரிசுரிமை அந்தச் சட்டத்தையே சார்ந்திருந்தது.

அச்சட்டத்தில் தகப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு அந்த உரிமை நாடு முழுவதற்குமாகக் கிடைத்தது 2005-இல்தான்.

இதே வேர்ச்சொல் நம் திருமுழுக்குத் தொட்டியருகேயும் ஒலித்தது. இலத்தீன் வழிபாட்டுக் காலத்தில் குருவானவர் மும்முறை "அப்ரெனுன்சியாஸ்?" என்று கேட்பார். "அப்ரெனுன்சியோ" என்பார்கள் ஞானப்பெற்றோர். சாத்தானையும் அதன் செயல்களையும் பகட்டையும் விட்டுவிடுகிறேன் என்று பொருள். அதுவும் திரும்பப் பெற முடியாத வாக்கு.

இன்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேறொரு துறப்பைப் பார்க்கிறோம். "அண்ணனுக்கு விட்டுக்கொடும்மா, உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி, மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அன்பு. பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடுமோ என்று பயந்து போடும் கையெழுத்துக்கு என்ன பெயர்?

செலொபுகாதின் புதல்வியர் ஐவரும் மோசேயின் முன் நின்று தந்தையின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரியே என்றார் ஆண்டவர் (எண்ணிக்கை 27).

உங்கள் வீட்டில் அப்படியொரு பத்திரம் காத்திருக்கிறதா? பேனாவை நீட்டுமுன் மகளைத் தனியே அழைத்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேளுங்கள். அவள் தயங்கினால் பேனாவை மூடிவிடுங்கள். திருமுழுக்கில் நாம் துறப்பதாகச் சொன்னவற்றில் பேராசையும் ஒன்று.

இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.