பரேலியில் பிறந்த மருத்துவ வகுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட இந்திய நகரங்களில் அரசாங்க மருத்துவசாலைகள் இல்லாமலில்லை. ஆனால் அங்கிருந்த வைத்தியர்கள் அனைவரும் ஆடவர். அந்தப்புரத்துப் பெண்ணொருத்தி பிரசவ வேதனையில் துடித்தாலும், அந்நிய ஆடவன் அவள் நாடியைத் தொடுவதற்கில்லை. பரம்பரை மருத்துவச்சியின் கைப்பழக்கமே கதி. குழந்தை குறுக்கே கிடந்துவிட்டால் அதுவும் பயன்படாது. கோஷா என்னும் இவ்வழக்கம் தமிழருக்கும் புதிதன்று. சென்னையில் 1885ஆம் ஆண்டில் தோன்றிய பெண்கள் மருத்துவமனைக்குக் கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயரே ஊரில் நிலைத்துவிட்டது.

இந்நிலையில், 1870 ஜனவரியில் பரேலி நகரை வந்தடைந்தார் கிளாரா சுவைன் என்னும் அமெரிக்க மாது. பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அதற்கு முந்திய ஆண்டுதான் பட்டம் பெற்றிருந்தார். அவரை அனுப்பியது மெதடிஸ்ட் சபைப் பெண்கள் 1869இல் அமைத்த ஒரு சங்கம். அதன் உறுப்பினர் சந்தா வாரத்துக்கு இரண்டு சென்ட். நம் கணக்கில் அரைக்காசு, காற்காசு சேர்த்து வைத்த பணம் என்றே சொல்லலாம். மதம் பரப்புவதும் அச்சங்கத்தின் நோக்கமே. அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் முதலாண்டில் அவரிடம் சிகிச்சை பெற்ற சுமார் 1,300 பேர் நாடி வந்தது மருந்தைத்தான்.

மருத்துவமனை கட்ட இடம் வேண்டியிருந்தது. மிஷன் வளாகத்தை அடுத்த தோட்டம் ராம்பூர் நவாபுக்குச் சொந்தம். நவாபோ பாதிரிமார்களுக்குத் தம் சமஸ்தானத்தில் இடங்கொடாதவர் எனப் பெயர் பெற்றவர். 1871இல் அவரைக் காணச் சென்றவர்கள் சிறு பகுதியை விலைக்குக் கேட்கவே நினைத்திருந்தனர். அவரோ நாற்பது ஏக்கர் அளவுள்ள தோட்டம் முழுவதையும், அதிலிருந்த மாளிகையோடு, பெண்களின் மருத்துவத்துக்கென இனாமாகவே அளித்துவிட்டார்! 1874 ஜனவரி முதல் நாள் அங்கே மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளிகள் உறவினரோடும் பாத்திரம் படுக்கையோடும் வந்து தங்கித் தம் வழக்கப்படியே சமைத்துண்டனர். வீட்டைவிட்டு வெளிவராத பெண்களை வரவழைக்க இதைவிட நல்ல உபாயம் இருந்திருக்க முடியாது.

ஆனால் நம் கருத்தில், கட்டடத்தினும் பெரிய காரியம் அதற்கு முன்னரே நடந்துவிட்டது. சுவைன் அம்மையார் வந்த ஆண்டிலேயே, பெரும்பாலும் அநாதை விடுதியில் வளர்ந்த பெண்களைக் கொண்டு ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். 1873இல் அரசாங்க சிவில் சர்ஜன்கள் முன்னிலையில் அவர்களுக்குப் பரீட்சை நடந்தது. பதின்மூவர் தேறி, சாதாரண நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் தகுதிச் சான்று பெற்றனர். தாய் தந்தையரற்ற பெண்கள், பிறர் வீட்டுத் தாய்மாரைக் காக்கப் புறப்பட்டனர். ஒரு மருத்துவர் எத்தனை வீடுகளுக்குத்தான் ஓட முடியும்? அந்நிய நாட்டினரின் தொண்டு இங்கே வேரூன்றியது இப்பெண்களால்தான்.

1885இல் கேத்ரி சமஸ்தானத்து ராணியின் சிகிச்சைக்காக ராஜபுதனம் சென்ற சுவைன், அங்கேயே பல்லாண்டுகள் பணியாற்றினார். 1910இல் தாய்நாட்டில் காலமானார்.

அவர் கேத்ரியில் இருந்த காலத்திலேயே, 1894இல், எடித் பிரவுன் என்னும் ஆங்கில மருத்துவர் பஞ்சாபின் லூதியானாவில் கிறிஸ்தவப் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். முதல் வகுப்பில் மாணவிகள் நால்வர். ஊர் மருத்துவச்சிகளையும் அவர் ஒதுக்கவில்லை, அவர்களுக்கும் பயிற்சியளித்தார். அப்பள்ளியே இன்றைய லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.